ஃபோம் ஷீட்டில் ரேடியோ கட்டுப்பாட்டுப் போர் விமானம்: ஸ்பிட்ஃபயருக்கு முன் ஹரிக்கேன் செய்யுங்கள்

ஃபோம் போர்டில் இரண்டு மூன்று பயிற்சி விமானங்களைச் செய்து நன்றாகப் பறக்கவிட்ட பிறகு, நுனிக்கு நுனி ஒரு மீட்டர் இறக்கை கொண்ட ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானம்) ஒன்றைச் செய்ததாகவும், பேட்டரியோடு சேர்த்து அது 850 கிராம் இருந்ததாகவும், முதல் இறுக்கமான திருப்பத்திலேயே இடது இறக்கை சட்டென்று கீழே சாய்ந்து தரையில் மோதியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்னும் சக்தியுள்ள மோட்டார் போட வேண்டுமா, ஃபோமை மாற்ற வேண்டுமா, அல்லது போர் விமான வடிவமே இந்த அளவில் ஒழுங்காகப் பறக்காதா என்பது உங்கள் கேள்வி. மோட்டாரில் குறையில்லை, வடிவத்தின் மீதும் பெரிய பழி இல்லை. விமானத்தின் எடையும், அதைத் தாங்க வேண்டிய இறக்கை நுனியின் அகலக் குறைவும் சேர்ந்துதான் அதை வீழ்த்தியிருக்கின்றன. அடுத்த விமானத்தை வேறு ஷீட்டில் செய்யுங்கள். முடிந்தால் ஸ்பிட்ஃபயரைச் சற்றுத் தள்ளிவைத்து, அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஹாக்கர் ஹரிக்கேனை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடைக் கணக்கு. அசல் ஸ்பிட்ஃபயரின் இறக்கை 11.23 மீட்டர் நீளமும் 22.48 சதுர மீட்டர் பரப்பும் கொண்டது. அதை ஒரு மீட்டருக்குச் சுருக்கினால் ஏறத்தாழ 17.8 சதுர டெசிமீட்டர் பரப்பு கிடைக்கும். அதன் மேல் 850 கிராமை ஏற்றினால் இறக்கைச் சுமை சதுர டெசிமீட்டருக்கு 48 கிராம் ஆகிறது. இந்த அளவுள்ள இறக்கை, மேல் எல்லையாகத் தாங்கும் தூக்குவிசைக் குணகத்தை (இறக்கை எவ்வளவு தூக்கும் என்பதைக் காட்டும் எண்) 0.9 என்று வைத்துக்கொண்டால், உங்கள் விமானம் நேராகப் பறக்கும்போதே நொடிக்கு 9.3 மீட்டருக்குக் கீழே வேகம் குறைந்தால் ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழந்துவிடும். அறுபது டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது இறக்கை இரு மடங்கு எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், அந்த எல்லை நொடிக்கு 13 மீட்டருக்கு, அதாவது மணிக்கு 47 கிலோமீட்டருக்கு ஏறிவிடும். நீங்கள் பயிற்சி விமானத்தில் பழகிய வேகத்தில் திருப்பியிருப்பீர்கள். அந்த வேகம் இதற்குப் போதவில்லை. பெரிய மோட்டார் போட்டால் எடை இன்னும் கூடும். அதோடு பெரிய பேட்டரியும் வரும். ஸ்டால் வேகமும் ஏறும். இதே அளவு விமானம் 500 கிராமுக்குள் நின்றால் சுமை 30 கிராம் அளவில் இருக்கும். நேர் பறப்பில் ஸ்டால் வேகம் நொடிக்கு ஏழரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடும். ஒரு மீட்டர் போர் விமானத்திற்கு 30 முதல் 35 வரை இதமான அளவு, 40 வரை சமாளிக்கலாம், 50ஐத் தொட்டால் தரையிறக்கம் ஒவ்வொன்றும் பதற்றம்தான்.

இந்த எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சமையலறைத் தராசு போதும். வாங்கப்போகும் ஷீட்டிலிருந்து 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி எடை பாருங்கள். அது சரியாக ஒரு சதுர டெசிமீட்டர். டெப்ரான் வகையைச் சேர்ந்த, காகிதம் ஒட்டாத எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் ஷீட் 3 மி.மீ. தடிமனில் 1.2 கிராம் அளவும், 6 மி.மீ. தடிமனில் 2 முதல் 2.4 கிராம் வரையும் காட்டும். அமெரிக்காவின் மலிவு விலைக் கடைகளில் கிடைப்பதும், அங்குள்ள ஆர்வலர்கள் நம்பியிருப்பதுமான மெல்லிய காகிதம் ஒட்டிய 5 மி.மீ. போர்டு ஏறக்குறைய 3 கிராம் இருக்கும். நம் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் பள்ளி மாதிரிகளுக்காக விற்கும் வழுவழுப்பான ஃபோம் போர்டு 5 கிராமையும் தாண்டும். அதன் எடையில் பெரும்பகுதி காகிதத்தினுடையது. விளம்பரப் பலகைக்காரர்கள் பயன்படுத்தும் பிவிசி ஷீட்டை யாராவது ‘இதுவும் ஃபோம்தான்’ என்று கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள், 5 மி.மீ. துண்டு 25 கிராம் வரை வரும். ஒரு மீட்டர் விமானத்தில் இறக்கையின் மேலும் கீழும், உடலின் சுற்றிலும், வாலிலுமாகச் சேர்த்து 60 முதல் 65 சதுர டெசிமீட்டர் ஷீட் போகும். 1.2 கிராம் ஷீட்டுக்கும் 5 கிராம் ஷீட்டுக்கும் இடையே, நீங்கள் ஒரு வெட்டுகூட வெட்டுவதற்கு முன்பே 200 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது.

இனி ஏன் ஹரிக்கேன் என்பதைச் சொல்கிறேன். ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கை அழகானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஃபோம் ஷீட்டை எந்த இடத்தில் வளைத்தாலும் அதன் முன்விளிம்பு வளைவுக்கு ஈடுகொடுக்காது, நுனிக்குப் போகப் போக அகலமும் குறைந்துவிடும். ஹரிக்கேனின் இறக்கை நேர்க்கோடுகளால் ஆனது. நடுப்பகுதி தட்டையாக இருக்க, அதன் இரு புறமும் உள்ள பகுதிகள் மட்டும் மூன்றரை டிகிரி மேல்நோக்கிச் சாய்கின்றன. ஆகவே இறக்கையின் நடு மையத்தில், விசை மிக அதிகமாக வரும் இடத்தில், மடிப்போ ஒட்டோ போட வேண்டியதில்லை. அதன் இறக்கை தடிமனானது என்பது 1930களின் வேகப் பந்தயத்தில் குறையாக இருந்திருக்கலாம். நமக்கு அது உள்ளே ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டம்) வைக்கவும், சர்வோ (ஐலரான் போன்றவற்றை அசைக்கும் சிறு மோட்டார்) மறைக்கவும் இடம் தருகிறது. வயிற்றின் அடியில் தொங்கும் ரேடியேட்டர், கையால் எறியும்போது பிடித்துக்கொள்ளும் இடமாகவும், புல்லில் வயிற்றால் இறங்கும்போது முதலில் தரையைத் தொடும் சறுக்குக்கட்டையாகவும் பயன்படும்.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் அதன் பின்னுடல். 1935 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த ஹரிக்கேனை சிட்னி கேம் பழைய முறையிலேயே வடிவமைத்தார்: உள்ளே உலோகக் குழாய்ச் சட்டம், அதைச் சுற்றி மரச் சட்டங்களும் நீளவாக்கிலான மெல்லிய மரக்கம்பிகளும், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய துணி. அதனால் விமானி இருக்கைக்குப் பின்னால் உடல் உருண்டையாக இல்லாமல், கம்பிக்குக் கம்பி தட்டையான பட்டைகளாகவே தெரியும். ஃபோம் ஷீட் இயல்பாக மடிந்து தரும் வடிவமும் அதுவே. ஸ்பிட்ஃபயரின் உடலில் ஒவ்வொரு மடிப்பும் குறையாகத் தெரியும். ஹரிக்கேனில் அதே மடிப்பு அசலுக்கு நெருக்கமாகத் தெரியும். அச்சடித்த முப்பக்க வரைபடத்தில் பின்னுடலின் கோடுகளை எண்ணி, அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றை மடிப்புக் கோடாக எடுத்துக்கொண்டாலே போதும்.

ஹரிக்கேனின் இறக்கை 12.19 மீட்டர். ஒரு மீட்டருக்குச் சுருக்கினால் பரப்பு 16.1 சதுர டெசிமீட்டர், உடல் நீளம் 80 செ.மீ. அளவு. உடலையொட்டிய இடத்தில் இறக்கை சுமார் 20 செ.மீ. அகலமும், நுனிக்கருகே அதில் பாதியும் இருக்கும். அடிப்பக்கத்திற்கும் மேற்பக்கத்திற்கும் 3 மி.மீ. ஷீட், நடுவே 6 மி.மீ. ஷீட்டை இரண்டாக ஒட்டிய ஸ்பார், அதன் கீழ்ப்புறத்தில் 60 செ.மீ. நீளமுள்ள 6 மி.மீ. கார்பன் குழாய்: இதற்கு மேல் இறக்கைக்குள் எதுவும் தேவையில்லை. அந்தக் குழாய் தட்டையான நடுப்பகுதியில் முழுதாகவும், புறப்பகுதிகளில் சாய்வு அனுமதிக்கும் தூரம் வரையும் ஓட வேண்டுமாகையால், அதை மடிப்பு வரும் இடங்களில் வெட்டி, மெல்லிய பிளைவுட் துண்டுகளால் எபாக்சி கொண்டு இணையுங்கள். புறப்பகுதி 38 செ.மீ. இருந்தால் மூன்றரை டிகிரிக்கு நுனி 23 மி.மீ. உயரும், ஐந்து டிகிரியாக்கி 33 மி.மீ. உயர்த்தினால் அசலிலிருந்து விலகியது கண்ணுக்குத் தெரியாது, பறப்பு மட்டும் நிதானமாகும்.

மேல் ஷீட்டை வளைப்பதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். ஷீட்டின் வெளிப்புறத்தில் அகலமான செல்லோ டேப்பை ஒட்டிவிட்டு, உட்புறத்தை மேசை விளிம்பின் மீது வைத்து, உள்ளங்கையால் அழுத்தியபடி மெதுவாகக் கீழ்நோக்கி இழுங்கள். ஒரே இழுப்பில் வளைக்க முயலாமல், ஒவ்வொரு முறையும் சிறிது கூட்டிக்கொண்டே போக வேண்டும். முன்விளிம்பிலிருந்து முதல் 3 செ.மீ. மட்டும் நன்றாக வளைந்தால் போதும், மீதி தானாகவே அமர்ந்துவிடும். தலைமுடி உலர்த்தியால் இளஞ்சூடு காட்டலாம். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் வேண்டாம், பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். காகித போர்டாக இருந்தால் உட்புறக் காகிதத்தை உரித்துவிட்டு, ஒரு செ.மீ. இடைவெளியில் மழுங்கிய பேனா முனையால் கோடு அழுத்தி வளைக்கலாம். காகிதத்தை உரிப்பதால் எடை குறைவது கூடுதல் இலாபம்.

உங்கள் ஸ்பிட்ஃபயரைக் கவிழ்த்த நுனிக்கு இப்போது வருகிறேன். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் 20 செ.மீ. அகலமுள்ள இடத்தில் ரேனால்ட்ஸ் எண் (அகலத்தையும் வேகத்தையும் பொறுத்துக் காற்றோட்டத்தின் தன்மையைக் காட்டும் எண்) ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும், 10 செ.மீ. அகலமுள்ள நுனியில் அது 53,000 அளவுதான். எண் குறையக் குறைய காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுச் சீக்கிரமே பிரிந்துவிடும். அதனால் வேகம் குறையும்போது நடுப்பகுதி தாங்கிக்கொண்டிருக்கையிலேயே ஒரு நுனி கைவிட்டுவிடுகிறது. அந்தப் பதற்றத்தில் எதிர்ப்பக்க ஐலரானை (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) கொடுத்தால், கீழே போகும் இறக்கையின் ஐலரான் இறங்கி, அந்த நுனியின் தாக்குகோணத்தை (காற்றை அது எதிர்கொள்ளும் கோணத்தை) இன்னும் கூட்டி, சாய்வை முழுமையாக்கிவிடுகிறது. இதற்கு மருந்து, நுனியை நடுப்பகுதியைவிடச் சற்றே முன்நோக்கித் தாழ்த்தி முறுக்குவது. அசல் ஸ்பிட்ஃபயரிலேயே இந்த முறுக்கு இருந்தது: உடலையொட்டி இறக்கை இரண்டு டிகிரி மேல்நோக்கியும், நுனியில் அரை டிகிரி கீழ்நோக்கியும் பொருத்தப்பட்டிருந்தது. உங்கள் ஹரிக்கேனில் மேல் ஷீட்டை ஒட்டும் நேரத்தில், நுனியின் பின்விளிம்புக்கு அடியில் 4 மி.மீ. தடிமனுள்ள குச்சியைச் செருகி, பசை இறுகும் வரை பாரம் வைத்துவிடுங்கள். 10 செ.மீ. அகலத்தில் அது இரண்டு டிகிரிக்குச் சற்றே அதிகமாகும். இரு நுனிகளிலும் ஒரே குச்சியின் இரு துண்டுகளைப் பயன்படுத்துங்கள். ஒன்று மூன்றும் மற்றொன்று ஐந்துமாகப் போனால் முறுக்கே இல்லாமல் இருப்பதைவிட மோசம். ஷீட் மூடி ஒட்டப்பட்ட பிறகு இறக்கை ஒரு பெட்டியாகிவிடுவதால் முறுக்கை மாற்ற முடியாது. இதோடு, நுனியின் முன்விளிம்பை கூராகத் தேய்க்காமல் மொண்ணையாக உருட்டி விடுங்கள். நுனியின் அகலத்தை அசலைவிடப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலும் யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப் போவதில்லை.

வாலைப் பொறுத்தவரை சிக்கனம் வேண்டும். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 50 செ.மீ. பின்னால் இருக்கிறது, பேட்டரியோ 15 செ.மீ. முன்னால்தான் வைக்க முடியும். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராமுக்கு மேல் ஈடு வைக்க வேண்டும். ஆகவே வாலுக்கு 5 அல்லது 6 மி.மீ. காகிதமற்ற ஷீட்டும், அதன் குறுக்கே ஒரு மெல்லிய கார்பன் பட்டையும் போதும். சர்வோக்களை வாலில் வைக்காமல் இறக்கைக்கு மேலேயே வைத்து, நீளமான கம்பியால் இழுங்கள். கிடைவாலின் பரப்பை மட்டும் பத்து, பதினைந்து சதவீதம் கூட்டுவது நல்லது.

மோட்டாருக்கு 2212 அளவு, 1400 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1400 சுற்று), மூன்று செல் 1300 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, 8 அங்குலப் புரொபெல்லர், 30 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), நான்கு 9 கிராம் சர்வோ என்றால் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 250 கிராம் வரும். உடல், இறக்கை, பசை, பெயின்ட் இன்னொரு 250. இந்த எடைக்கு நூறு, நூற்றிருபது வாட் போதும். மேற்கண்ட மோட்டார் அதைத் தாண்டியே கொடுக்கும். மோட்டாரை நேராகப் பொருத்தாமல் இரண்டு டிகிரி கீழ்நோக்கியும், பின்னாலிருந்து பார்க்கையில் இரண்டு மூன்று டிகிரி வலப்புறமாகவும் சாய்த்துப் பொருத்துங்கள். ஈர்ப்பு மையம், உடலுக்கும் நுனிக்கும் இடைப்பட்ட சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து கால் பங்கில் அமைய வேண்டும். இந்த இறக்கைக்குச் சராசரி அகலம் 15.6 செ.மீ.; அந்த அகலம் வரும் இடத்தில் முன்விளிம்புக்கு 4 செ.மீ. பின்னால் அடையாளமிட்டு, அங்கே விரல் நுனியில் தாங்கினால் மூக்கு இம்மியளவு தாழ்ந்திருக்க வேண்டும். அசல் விமானத்தில் மெர்லின் எஞ்சின் மூக்கில் கனமாக இருந்து செய்த சமநிலை வேலையை இங்கே பேட்டரிதான் செய்கிறது என்பதால், மூக்கினுள் பேட்டரி முன்னும் பின்னும் நகர இடம் விட்டே உடலை மூடுங்கள்.

பசை பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஃபெவிக்விக் போன்ற சாதாரண சயனோ பசையும், செருப்புக்கும் ரெக்சினுக்கும் போடும் காண்டாக்ட் பசையும் காகிதமில்லாத ஃபோமைக் கரைத்துவிடும். ஃபோமுக்கென விற்கும் யூஹூ போர், அல்லது ஃபோம் சேஃப் சயனோ பாதுகாப்பானவை. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை, காற்றுப்படாமல் இரு ஃபோம் பரப்புகளுக்கு நடுவே பல நாள் ஈரமாகவே கிடக்கும். விளிம்புகளுக்கும் மேலே காகிதம் ஒட்டுவதற்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஹாட் க்ளூ வேகமானது, எடையும் கூடுதல். மோட்டார் பலகையைத் தவிர வேறெங்கும் தாராளமாகப் போடாதீர்கள், அங்கேயும் எபாக்சிதான் மேல்.

ஸ்ப்ரே பெயின்டும் கரைக்கும் ரகம்தான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை ஸ்பாஞ்சால் ஒற்றியெடுத்தால் 30 கிராமுக்குள் முடித்துவிடலாம். 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் ஜப்பானியர் தாக்கியபோது எதிர்த்துப் பறந்தவற்றில் பெரும்பாலானவை ஹரிக்கேன்களே. இம்பாலில் 1944இல் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரனும் இவற்றையே ஓட்டியது. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாதென்று, தென்கிழக்கு ஆசியாவில் பறந்தவற்றின் வட்டச் சின்னத்திலிருந்து சிவப்பை நீக்கி, நீலத்தின் இரு சாயல்களாக்கினார்கள். அந்த வண்ணத்தில் செய்ய உங்களுக்கு ஆசை வரலாம். முதல் விமானத்திற்கு நான் வேறொன்றைப் பரிந்துரைப்பேன்: 1939 முதல் 1940 ஜூன் வரை பிரிட்டனின் போர் விமானங்கள் அடிப்பக்கத்தில் இடது இறக்கையைக் கறுப்பாகவும் வலது இறக்கையை வெள்ளையாகவும் பூசியிருந்தன. தரையிலிருந்த தங்கள் ஆட்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. நூறு மீட்டர் தள்ளி ஒரு மீட்டர் விமானம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று தடுமாறும் நொடியில், அதே கறுப்பு வெள்ளை நம்மையும் காப்பாற்றும்.

பறக்கவிடும் இடம், இந்திய அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடமான டிஜிட்டல் ஸ்கையில் சிவப்பு, மஞ்சள் மண்டலங்களுக்குள் வரவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் வேண்டாம், எடையும் கூடும், புல்லில் மூக்கு குத்தும். ஐலரான் அசைவு மேலும் கீழும் 10 மி.மீ., முப்பது சதவீத எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியில் அசைவை மென்மையாக்கும் ரேடியோ அமைப்பு). முழு திராட்டில் கொடுத்து எறிய வேண்டாம். புரொபெல்லரின் முறுக்குவிசை விமானத்தை இடதுபுறம் உருட்டும். முக்கால் திராட்டில், காற்றை எதிர்த்து, மூக்கை மேலே தூக்காமல் நேர்கிடையாக, ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே உடன் வருபவரை எறியச் சொல்லுங்கள். வேகம் பிடித்த பிறகு எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) இழுங்கள். முதல் பறப்பில் சாகசம் எதுவும் செய்யாமல், ஐம்பது மீட்டருக்கு மேல் ஏறி, திராட்டிலைக் குறைத்து, எலிவேட்டரை மெல்ல இழுத்து விமானத்தை வேண்டுமென்றே ஸ்டால் ஆக்கிப் பாருங்கள். மூக்கு நேராகக் கீழே இறங்கினால் முறுக்கு சரி. ஒரு பக்கம் சாய்ந்தால் இறங்கிய பிறகு இரு நுனிகளையும் ஒப்பிட்டு, சாய்ந்த பக்க ஐலரானை ஒரு மில்லிமீட்டர் மேல்நோக்கி வைத்து, மறுபக்கத்தையும் அதே அளவு உயர்த்திவிட்டு மீண்டும் சோதியுங்கள். எந்த வேகத்தில் அது விழத் தொடங்கியது என்பதைக் கண்ணால் குறித்துக்கொண்டு, தரையிறங்கும்போது அதற்குச் சற்று மேலான வேகத்தை, திராட்டிலை முழுதாக மூடாமல், முழங்கால் உயரம் வரும் வரை காத்துவாருங்கள்; அதன் பிறகு மூடினால் ரேடியேட்டர் மீது சறுக்கி நிற்கும்.